சைக்கிளின் கைப்பிடியும் நம் கைவிரல்களும்

நம் சங்கத்தின் திங்களிதழில் இலக்கியமும் சமயமும் பற்றி எழுதத் தகுதி வாய்ந்த அன்பர்கள் பலர் உளர். பத்தாம் வகுப்போடு படிப்பை முடித்துக்கொண்டு, ரயில்வேயின் சரக்குக் கணக்கு அலுவலகத்தில் எழுத்தராகக் காலந்தள்ளும் எனக்கு அத்துறைகளில் புக உரிமையில்லை. நான் எழுத முன்வந்திருப்பது சைக்கிளின் கைப்பிடியைப் பற்றி. நம்மவர் யாவரும் ‘ஹாண்டில்’ என்றே வழங்கும் அந்த வளைந்த குழாயைப் பற்றித்தான். இதற்கு ஒரு கட்டுரையா என்று சிரிப்போர் சிரிக்கட்டும். அந்தக் குழாயால் என் வலக்கையின் இரு விரல்கள் ஏறத்தாழ ஓராண்டுக் காலம் என்னுடையவை அல்லாதனபோல் ஆயின. பேனா பிடித்துப் பிழைப்பவனுக்கு அதன் பொருள் என்னவென்று விளக்க வேண்டியதில்லை.

2020ஆம் ஆண்டு மார்ச் மாதத்தில் நாடெங்கும் பயணி வண்டிகள் நிறுத்தப்பட்டதை அன்பர்கள் மறந்திருக்க மாட்டார்கள். கட்கி நிலையத்தில் லோனாவளா லோக்கலைப் பிடித்துப் புனே சென்று இறங்குவதே அதுவரை என் வழக்கம். பயணி வண்டிகள் நின்றனவேயன்றிச் சரக்கு வண்டிகள் நிற்கவில்லை. அரிசியும் கோதுமையும் நிலக்கரியும் ஓடிக்கொண்டேயிருந்தன. அவை ஓடினால் கணக்கும் ஓடவேண்டும், கணக்கு ஓடினால் எழுத்தனும் ஓடவேண்டும். ஆகவே சைக்கிள் ஒன்று இன்றியமையாததாயிற்று.

எங்கள் வீட்டில் சைக்கிள் இல்லாமலில்லை. வட ஆர்க்காடு மாவட்டத்திலிருந்து கட்கியின் வெடிமருந்துத் தொழிற்சாலை வேலைக்கு வந்து சேர்ந்த என் பாட்டனார், முதல் சில ஆண்டுகளின் மிச்சத்தில் வாங்கிய கறுப்பு ஹெர்குலிஸ் ஒன்று திண்ணையை அடுத்த சுவரில் சாய்ந்தே நின்றது. சென்னை அம்பத்தூரில் செய்த வண்டி அது. 1949இல் நிறுவப்பெற்ற டி.ஐ. சைக்கிள்ஸ் தொழிற்சாலையில் உருவானது. “நானும் அந்தப் பக்கம், இவளும் அந்தப் பக்கம்” என்று பாட்டனார் அதனைத் தட்டிக்கொடுப்பாராம். தந்தையாரும் பணி ஓய்வு பெறும்வரை அதனையே ஓட்டினார். அதில் ஏறிச் செல்ல நான் நாணினேன் என்பதை ஒளிக்காமல் சொல்லிவிடுகிறேன். கடைகள் மீண்டும் திறந்ததும், கல்லூரி மாணவர் ஓட்டுவதுபோன்ற கியர் சைக்கிள் ஒன்றை வாங்கினேன். பருத்த டயர், நேர்கோடாக ஒரு கைப்பிடி, பார்வைக்கு மிடுக்கு. கடையை விட்டு வெளியேறியபோது என் வயதில் பத்து குறைந்ததாகத் தோன்றிற்று.

போபோடியிலிருந்து கட்கி, வாக்டேவாடி வழியாகப் புனே ரயில் நிலையம் சுமார் 8 கிலோமீட்டர் தொலைவு. அந்நாளில் பழைய மும்பைச் சாலையின் நடுவே மெட்ரோவின் தூண்கள் எழும்பிக்கொண்டிருந்தன. 2023 ஆகஸ்டு 1ஆம் நாள் எங்கள் போபோடி மெட்ரோ நிலையம் திறக்கப்பட்டது. அதற்கு முந்தைய ஆண்டுகளில் அச்சாலையில் போய்வந்தவர்களுக்கு ஒவ்வொரு பள்ளமும் தனித்தனியே நினைவிருக்கும். நேர்கைப்பிடியைப் பற்றி முன்சாய்ந்து செல்லும்போது உடற்பாரத்தில் பெரும்பங்கு உள்ளங்கையில் இறங்கும். பள்ளந்தோறும் விழும் அடியும் அங்கேயே இறங்கும். முதல் சில மாதங்கள் தோளும் பிடரியும் மட்டும் வலித்தன. பழகாத உடம்பு, போகப்போகச் சரியாகும் என்று நினைத்தேன். 2021ஆம் ஆண்டு மழைக்காலத்தில் வலக்கையின் சுண்டுவிரலும் மோதிரவிரலும் மரத்துப்போகத் தொடங்கின. முதலில் அலுவலகம் சேர்ந்த அரைமணி நேரத்தில் உணர்வு திரும்பிவந்தது. பிறகு நண்பகல்வரை வரவில்லை. ஒருநாள் காப்பித் தம்ளர் கையிலிருந்து தானாகவே நழுவிற்று. பேரேட்டில் என் எழுத்தைப் பார்த்த மேலாளர், “உமக்குப் பதில் யார் எழுதினார்?” என்று கேட்டார். அன்றைக்குத்தான் எனக்கு அச்சம் பிறந்தது.

மருத்துவர் எந்தெந்த விரல்கள் என்று கேட்டார். சொன்னேன். அடுத்த கேள்வி, “சைக்கிள் ஓட்டுகிறீரா?” என்பது. எனக்கு வியப்பாக இருந்தது. அவர் விளக்கியதை நான் புரிந்துகொண்ட அளவில் எழுதுகிறேன். முழங்கையின் உட்புறம் இடித்துக்கொண்டால் மின்சாரம் பாய்ந்தாற்போல் விர்ரென்று ஏறுகிறதே, அந்த நரம்பே கீழிறங்கி, மணிக்கட்டில் சுண்டுவிரல் பக்கமாக ஒரு குறுகிய வழியில் உள்ளங்கைக்குள் நுழைகிறது. சுண்டுவிரலுக்கும் மோதிரவிரலின் பாதிக்கும் உணர்ச்சி தருவது அதுவே. விரல்களை விரிக்கவும் சேர்க்கவும் உதவும் சிறு தசைகளை இயக்குவதும் அதுவே. மணிக்கட்டு பின்னோக்கி மடிந்த நிலையில் உள்ளங்கையின் அடிப்பகுதி கைப்பிடியில் நாள்தோறும் அழுந்தினால் அந்த நரம்பு நசுங்கும். கட்டைவிரல், சுட்டுவிரல், நடுவிரல் மரத்தால் அது மணிக்கட்டின் நடுவே செல்லும் வேறொரு நரம்பின் உபாதை. நீண்ட தொலைவு சைக்கிள் ஓட்டுவோரிடம் இவ்விரண்டும் காணப்படுவனவாம். அழுத்தத்தை நீக்கினால் பெரும்பாலும் குணமாகும், நீக்காமல் விட்டால் தசை மெலிந்து பிடியே தளரும் என்று எச்சரித்தார். சில வாரங்கள் சைக்கிளைத் தொடக்கூடாதென்றும், தொடும்போது கைப்பிடியை மாற்றிவிட்டுத் தொடும்படியும் கூறி அனுப்பினார்.

இதன்பிறகு நான் செய்த பிழையையே அன்பர்கள் முக்கியமாகக் கேட்கவேண்டும். கைப்பிடியை மாற்றுவதென்றால் ஒரு குழாயைக் கழற்றி மற்றொன்றை மாட்டுவது, அவ்வளவுதான் என்று எண்ணினேன். ஒரு கடையில் சைக்கிளை விட்டு, “உயரமான ஹாண்டில் போடுங்கள்” என்றேன். மாலைக்குள் போட்டுத் தந்தார்கள். உயர்ந்த கைப்பிடி, நிமிர்ந்த இருக்கை, ஆஹா என்றிருந்தது. அடுத்த ஞாயிறன்று ஆறு வயதான என் மகளைப் பின்னால் அமர்த்திக்கொண்டு கடைவீதிக்குப் போய்த் திரும்பினேன். எங்கள் சந்துக்குள் நுழையக் கைப்பிடியை முழுவதும் திருப்பியதும் முன்சக்கரம் இறுகிப் பிடித்துக்கொண்டது. இருவரும் விழுந்தோம். பின்னால் வந்த ஆட்டோக்காரர் விழிப்போடிருந்தமையால் குழந்தையின் முழங்கால் தோல் போனதோடு முடிந்தது.

காரணம் மிக எளியது. கைப்பிடி உயர்ந்துவிட்டது, பிரேக் ஒயர் பழைய நீளத்திலேயே இருந்தது. நேரே செல்கையில் போதுமானதாக இருந்த ஒயர், திருப்புகையில் விறைத்து, தானே பிரேக்கை இழுத்துவிட்டது. கடைக்காரரைக் குறைசொல்லிப் பயனில்லை. நான் கேட்டது உயரமான ஹாண்டில், அதைத்தான் அவர் போட்டார். வண்டியைப் பெற்றுக்கொள்ளும்போது அதை நிறுத்திவைத்து, இடமும் வலமுமாகக் கைப்பிடியை இறுதிவரை திருப்பிப் பார்த்திருந்தால் அரை நிமிடத்தில் தெரிந்திருக்கும். ஒயர் எந்த நிலையிலும் விறைக்கலாகாது. அளவுக்கு மீறி நீண்டு வளையமாகத் தொங்கிச் சந்தைப் பையில் மாட்டவும் கூடாது.

அன்றிரவு தந்தையார் ஒன்றும் கடிந்துகொள்ளவில்லை. குழந்தையின் காலுக்கு மருந்திட்டுவிட்டு இரண்டு பென்சில்களை என்னிடம் கொடுத்தார். “கைக்கு ஒன்றாகப் பிடித்துக்கொள். கண்ணை மூடி, சைக்கிள் ஓட்டுவதுபோல் கையை நீட்டு. வலிய மடக்காதே, இயல்பாக விடு” என்றார். கண்ணைத் திறந்து பார்த்தேன். இரு பென்சில்களும் ஒரே நேர்கோட்டில் இல்லை. உள்முனைகள் முன்னோக்கியும் வெளிமுனைகள் என் பக்கமாகப் பின்னோக்கியும் சாய்ந்திருந்தன. “உன் கை கேட்பது இது. நீ வாங்கிவந்தது அது. உன் தாத்தா வண்டியைப் போய்ப் பார்” என்றார். ஹெர்குலிஸின் கைப்பிடி நடுவிலிருந்து முன்சென்று, அகன்று, வளைந்து, ஓட்டுபவனின் இரு பக்கமும் அவனை நோக்கியே வந்து நின்றது. நாற்பது ஆண்டுகளாக ஒவ்வொரு நாளும் கண்ணில் பட்ட பொருள். அன்றுதான் அதனைப் பார்த்தேன் என்று சொல்லவேண்டும்.

அந்த வளைவுக்கு ஒரு வரலாறு உண்டு. இரு சக்கரமும் ஒத்த அளவாய்ச் சங்கிலியால் பின்சக்கரம் சுழலும் இன்றைய அமைப்பு, 1885இல் இங்கிலாந்தில் ஜான் கெம்ப் ஸ்டார்லியின் ‘ரோவர்’ சைக்கிளோடு நிலைபெற்றது. பின்னோக்கி வளைந்த கைப்பிடி ‘நார்த் ரோடு’ என்னும் பெயரால் உலகெங்கும் அறியப்படுகிறது. லண்டனின் சைக்கிள் கழகம் ஒன்றின் பெயரே அதற்கு வந்ததென்பர். தபால்காரரும் பால்காரரும் ஆசிரியரும் தொழிலாளியும் நம் நாட்டில் ஓட்டிய கறுப்புச் சைக்கிள்கள் யாவற்றிலும் அதுவே இருந்தது. புனேயைச் சைக்கிள் நகரம் என்று சொல்லிவந்த காலத்தில் கட்கியின் தொழிற்சாலைகளுக்கும், 1954இல் பிம்ப்ரியில் தோன்றிய ஹிந்துஸ்தான் ஆன்டிபயாடிக்ஸ் ஆலைக்கும் விடியற்காலையில் சென்றவர்கள் பற்றியிருந்ததும் அந்த வளைவையே. நேர்கைப்பிடி பரவியதோ, 1970களில் அமெரிக்காவின் கலிபோர்னியாவில் மலைச்சரிவுகளில் சைக்கிள் ஓட்டத் தொடங்கிய இளைஞரிடமிருந்து பிறந்த வண்டிகளோடு. கரடுமுரடான சரிவில் எழுந்து நின்று வண்டியை அடக்க அது மிக உகந்தது. போபோடியிலிருந்து புனேக்குக் கணக்கெழுதப் போகிறவனுக்கு மலைச்சரிவு எங்கே இருக்கிறது?

சரி, பாட்டனாரின் கைப்பிடியையே கழற்றிப் புதிய வண்டியில் பொருத்திவிடலாமே என்று எனக்கொரு எண்ணம் உதித்தது. அதனோடு கட்கி கடைவீதியில் பல்லாண்டுகளாகச் சைக்கிள் பழுதுபார்க்கும் மராட்டியப் பெரியவர் ஒருவரிடம் சென்றேன். ‘காகா’ என்றுதான் அவரை யாவரும் அழைப்பர். அவர் ஹெர்குலிஸைச் சுட்டிக்காட்டி, “இதில் பிரேக் ஒயர் எங்கே, காட்டு” என்றார். ஒயர் இல்லை. கைப்பிடியின் கீழே ஓடும் இரும்புக் கம்பிகளே பிரேக்கை இயக்குகின்றன. நெம்பை அழுத்தினால் கம்பிகள் மேலிழுத்து, சக்கர வளையத்தின் உட்புறத்தில் கட்டைகளை அழுத்துகின்றன. கம்பிகளைத் தாங்கும் காதுகள் கைப்பிடியோடு சேர்ந்தவை. கைப்பிடியும் அதன் தண்டும் பிரிக்க இயலாதபடி ஒன்றாக இணைக்கப்பட்டவை. புதிய வண்டியின் பிரேக்கோ ஒயரால் இயங்கிச் சக்கரத்தின் பக்கங்களைக் கவ்வுவது. “இதை அதில் போடமுடியாது. அதை இதிலும் போடமுடியாது. பெரியவரின் வண்டியைக் கெடுக்காதே. இதே வளைவில் வேறு கைப்பிடி வாங்கிக்கொள்” என்று முடித்துவிட்டார்.

வாங்குமுன் அவர் அளந்தவற்றை இங்கே குறிப்பிடுகிறேன். கைப்பிடியின் நடுப்பகுதியைக் கவ்வும் கழுத்துக்கு ‘ஸ்டெம்’ என்று பெயர். அக்கவ்வின் விட்டம் சாதாரண வண்டிகளில் 25.4 மில்லிமீட்டர், புதிய வகைகள் பலவற்றில் 31.8. கை பற்றும் முனைகளின் பருமன் நேர்கைப்பிடியிலும் நார்த் ரோடு வளைவிலும் 22.2 மில்லிமீட்டராகவே இருப்பதால், பழைய பிரேக் நெம்புகளையும் கியர் திருகையும் புதியதில் மாட்டலாம். பந்தயச் சைக்கிளின் வளைந்த கைப்பிடியில் அது 23.8 ஆதலின் பொருந்தாது. முனையின் நேரான பகுதி போதிய நீளமுள்ளதா என்றும் பார்க்கவேண்டும். பிடியுறை, பிரேக் நெம்பு, கியர் மூன்றும் அந்த இடத்தில்தான் அமர வேண்டும். கவ்வு பெரிதாகவும் குழாய் சிறிதாகவும் இருந்தால் இடையில் தகரத்தைச் சுற்றிச் செருகி இறுக்கித் தருவோர் உண்டு. அதற்கு ஒருபோதும் ஒப்பாதீர்கள். மேட்டில் பலங்கொண்டு இழுக்கும் கணத்திலோ பள்ளத்தில் விழும் கணத்திலோ கைப்பிடி சுழன்று கீழிறங்கிவிடும்.

என் வண்டியின் ஸ்டெம், முன்கவைக் குழாய்க்குள் இறங்கி ஆப்பினால் இறுகி நிற்கும் பழைய வகை. அதனைக் கழற்றும் முறை பார்க்க வேடிக்கையாயிருந்தது. மேலுள்ள திருகாணியைச் சில சுற்றுகள் மட்டும் தளர்த்தி, ஒரு மரத்துண்டை அதன்மேல் வைத்துச் சுத்தியால் ஒரு தட்டு. உள்ளிருந்த ஆப்பு விழுந்ததும் கழுத்து விடுபட்டது. மழைநீர் இறங்கித் துருவேறியிருந்தால் இது எளிதில் நடவாது. எண்ணெய் விட்டு ஓரிரவு காத்திருக்க வேண்டும். மீண்டும் செருகுமுன் காகா கிரீஸ் தடவினார். ஸ்டெம்மின் பக்கத்தில் ஒரு கோடு பொறித்திருந்தது. அந்தக் கோடு குழாய்க்குள் மறையும் அளவுக்காவது அதனை இறக்கியாகவேண்டும். உயரம் வேண்டுமென்ற ஆசையில் கோடு வெளியே தெரியும்படி உயர்த்தினால், பிடிமானம் போதாமல் ஸ்டெம் முறிவதோ முன்கவை பிளப்பதோ நேரலாம். குழாயை வெளிப்புறமிருந்து கவ்வும் புதிய வகை ஸ்டெம்மை இவ்வாறு இழுத்து உயர்த்தவே இயலாது. மேல்நோக்கிச் சாய்ந்த வேறு ஸ்டெம் வாங்கவேண்டும்.

எல்லாவற்றிற்கும் முன்பாக அவர் செய்தது வேறொன்று. காசில்லாத வைத்தியமாதலால் அதனைத் தனியே சொல்கிறேன். என் இருக்கையின்மேல் ஒரு மரச்சட்டத்தை வைத்துப் பார்த்தார். இருக்கையின் மூக்கு கீழ்நோக்கிச் சரிந்திருந்தது. அப்படிச் சரிந்தால் உடம்பு முன்னோக்கி வழுக்கிக்கொண்டே இருக்கும், அதனைத் தடுத்து நிறுத்துவது கைகளின் வேலையாகிவிடும். ஸ்பானரால் ஒரு திருகு, மட்டமாயிற்று. கைவலி என்று வருவோரில் சிலருக்கு இது ஒன்றே போதும் என்றார். எனக்குப் போதவில்லை என்பது வேறு கதை.

கைப்பிடியை நானே தேடி வாங்கினேன். நானா பேட்டை உதிரிப்பாகக் கடைகளில் ஒரு சனிக்கிழமை முழுதும் அலைந்து, எஃகினால் ஆன வளைகைப்பிடி ஒன்றும், நீளமான ஒயர்களும் உறைகளும், உள்ளங்கையைத் தாங்கும்படி அகன்ற ரப்பர் பிடிகள் இரண்டும் வாங்கிவந்தேன். கூலி உட்பட ஆயிரம் ரூபாய்க்குள் அடங்கிற்று. காகா ஒயர்களை வெட்டுமுன் கைப்பிடியை இடமும் வலமும் திருப்பி அளவு பார்த்ததை நான் கண்கொட்டாமல் பார்த்தேன். பிரேக் நெம்புகளைப் பொருத்துகையில் என்னை ஏறி அமரச்சொல்லி, முழங்கையிலிருந்து விரல்நுனிவரை ஒரே கோடாக வரும் சாய்வில் இறுக்கினார். பிறகு முன்சக்கரத்தைத் தம் முழங்கால்களுக்கிடையே இடுக்கிக்கொண்டு கைப்பிடியை முறுக்கிப் பார்த்தார். அசையவில்லை.

குறைகளையும் சொல்லவேண்டுமல்லவா? கை பின்னுக்கு வந்துவிட்டதால் பாரம் இருக்கைக்கு மாறுகிறது. மெல்லிய பழைய இருக்கை வலிக்கத் தொடங்கவே, அகலமானதொன்று வாங்கநேர்ந்தது. நிமிர்ந்த உடம்பு எதிர்காற்றுக்கு நெஞ்சைக் காட்டுகிறது. ஆற்றுப் பாலத்தின்மேல் ஆடிக்காற்றில் செல்கையில் அது நன்றாகத் தெரியும். மேடேறுவதும் சற்றே மெதுவாயிற்று. வளைவு மிகுதியான கைப்பிடியானால் குறுகத் திரும்பும்போது முழங்காலில் இடிக்கும். உயரமானவர்கள் வாங்குமுன் இதனைச் சோதித்துக்கொள்ள வேண்டும். அலுவலகத்தில் ஐந்து நிமிடம் பிந்தினேன், அதற்காக வீட்டில் ஐந்து நிமிடம் முந்திப் புறப்படுகிறேன். மிடுக்கும் போய்விட்டது. புதிய டயர்களின்மேல் தாத்தாக் கைப்பிடியைக் கண்டு என்னுடன் பணிபுரியும் இளைஞர்கள் நகைத்தார்கள். அவர்களுள் ஒருவர் சென்ற மாதம், தம் கட்டைவிரல் மரக்கிறதென்று தனியே வந்து கேட்டார்.

இப்படி வளைவுகளில் மனம் சென்றபின், கர்வே நகரில் விக்ரம் பெண்ட்சே என்பவர் சேர்த்து 2017இல் திறந்துவைத்த சைக்கிள் அருங்காட்சியகத்திற்கு மகளையும் அழைத்துச் சென்றேன். எத்தனையோ காலத்து வண்டிகள் அங்கே இருக்கின்றன. பிள்ளைகள் மணிகளையும் விளக்குகளையும் பார்ப்பார்கள், நான் கைப்பிடிகளையே பார்த்துக்கொண்டு நின்றேன். புனேவாழ் தமிழன்பர்கள் ஒரு விடுமுறை நாளில் குடும்பத்தோடு சென்று காணலாம்.

விரல்களின் செய்தியைச் சொல்லாமல் விட்டேன். மோதிரவிரல் ஆறு வாரங்களில் மீண்டது. சுண்டுவிரலின் நுனி மட்டும் நெடுங்காலம் எனக்குக் கடன்பட்டதுபோல் ஒளிந்துகொண்டிருந்து, ஒருநாள் காலை அடுப்பிலிருந்து இறக்கிய பாத்திரத்தைத் தொட்டபோது சுரீரென்று சுட்டது. “என்னங்க, சுட்டுக்கிட்டுமா சிரிக்கிறீங்க?” என்று என் மனைவி திகைத்தாள். பத்து நாளுக்கு மேலும் மரப்பு நீடிக்கிறவர்களும், பொத்தான் போடவோ பூட்டைத் திறக்கவோ விரல் வலுவின்றித் தடுமாறுகிறவர்களும் சைக்கிள் கடைக்குப் போகுமுன் மருத்துவரிடம் போவது நல்லது. என்னைப்போல் ஓராண்டு காத்திருக்க வேண்டாம்.

நம் சங்கத்துக் குடும்பங்களில் தகப்பன், பிள்ளை, சில வீடுகளில் தாயும், ஒரே சைக்கிளை மாறிமாறி ஓட்டுவதை அறிவேன். பதினாறு வயதுப் பையனுக்கு வாங்கிய நேர்கைப்பிடி ஐம்பது வயதுத் தகப்பனாருக்குப் பொருந்தும் என்று எதிர்பார்ப்பதற்கில்லை. அடுத்த மாதக் கூட்டத்திற்கு அளவுகோல், ஸ்பானர், இருக்கையை மட்டம் பார்க்க ஒரு மரச்சட்டம் ஆகியவற்றோடு வருகிறேன். தந்தையாரும் வருவதாகச் சொல்லியிருக்கிறார். சைக்கிளில் வரும் அன்பர்கள் கூட்டம் தொடங்குவதற்கு அரைமணி முன்னதாக வந்தால் இருக்கையை மட்டப்படுத்திக் கைப்பிடியையும் ஒயர்களையும் பார்த்துவிடலாம். பென்சில் இரண்டு நானே கொண்டுவருவேன்.